மகள் அழுத பிறகு தூக்கலாம்

தம்பி கூப்பிட்டபோது நான் பள்ளிப் பேருந்துகளைப் பற்றிய ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். அமெரிக்காவில் நான் உறுப்பினராக இருக்கிற மாநிலச் சட்டசபையின் கல்விக் குழு அது. பேருந்து நின்று பிள்ளைகள் இறங்கும்போதுகூடப் பின்னால் வருகிற கார்கள் நிற்பதில்லை என்று ஒரு தாய் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். மேஜைக்கு அடியில் போன் அதிர்ந்தது. மதுரையில் அது தூங்குகிற நேரம். சும்மா கூப்பிடுகிறவன் இல்லை என் தம்பி. வெளியே வந்து எடுத்தேன். "அக்கா, அம்மா போயிருச்சு" என்றான். எப்போது என்று கேட்டேன். வாரேன் என்றேன். பிறகு உள்ளே போய் என் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாயிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். நல்ல கேள்விகள் என்று கூட்டம் முடிந்ததும் ஒருவர் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் வரும், பெட்டி கட்டும்போது வரும் என்று பார்த்தேன். கணவருக்கு அப்போதுதான் முழங்காலில் அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, அதனால் தனியாகத்தான் கிளம்பினேன். விமானத்தில் ஒரு சினிமாவை முழுசாகப் பார்த்தேன். கொடுத்த சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் எதற்காக ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்டதற்கு, குடும்ப வேலையாக என்றேன். உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருவாதவூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர் எனக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை பார்த்தவர்கள். எங்களுக்கென்று கையகல நிலம் கிடையாது. நான் பள்ளியில் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா நாற்று நட்டும் களை எடுத்தும் எங்கள் இருவரையும் படிக்க வைத்தார். அரசு விடுதியில் தங்கிக் கணக்கில் பட்டம் வாங்கினேன். பிறகு பி.எட். மதுரையில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சில வருடம் வேலை. கல்யாணம் ஆனதும் கணவரின் கம்ப்யூட்டர் வேலை அமெரிக்காவுக்கு இழுத்துக்கொண்டு போனது. என் பட்டங்களை அங்கே யாரும் சட்டை செய்யவில்லை. மறுபடியும் பரீட்சை எழுதி, ஆசிரியர் வராத நாட்களில் வகுப்பைப் பார்த்துக்கொள்கிற ஆளாகத் தொடங்கி, கடைசியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக உட்கார்ந்தேன்.

முதல் வருடம் பிள்ளைகள் என் உச்சரிப்பை என் முகத்துக்கு முன்னாலேயே பேசிக் காட்டுவார்கள். அவர்களுக்கு வேண்டியது நான் அழுவதுதான். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் போல ஈவிரக்கமில்லாதவர்கள் உலகத்தில் கிடையாது. நான் முகத்தைக் கழுவிய பலகை மாதிரி வைத்துக்கொண்டு அடுத்த கணக்கை எழுதினேன். அந்த முகம் அப்படியே தங்கிவிட்டது.

எங்கள் பகுதிப் பள்ளியை மூடப்போகிறார்கள் என்றபோது கூட்டத்தில் எழுந்து பேசினேன். அதைக் கேட்டவர்கள் பள்ளி வாரியத் தேர்தலுக்கு நிற்கச் சொன்னார்கள். நின்றேன், ஜெயித்தேன். அங்கிருந்து சட்டசபை. சட்டசபைத் தேர்தல் சமயத்தில் ஒரு கூட்டத்தில் ஒரு ஆள் எழுந்து, உன் நாட்டுக்கே திரும்பிப் போ என்று கத்தினார். நான் கோபப்படவில்லை. உங்கள் பிள்ளை எந்த வகுப்பு படிக்கிறான் என்று கேட்டேன். அவருக்குப் பதில் தெரியவில்லை. கூட்டம் சிரித்தது. யாரோ அதைப் போனில் பிடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள். நான் ஜெயித்ததற்கு அதுதான் காரணம் என்று கட்சிக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். இவர் அசைய மாட்டார் என்பதுதான் எனக்கு அங்கே பெயர்.

அம்மாவுக்கு என் பதவியைப் பற்றி உருப்படியாக ஒன்றும் புரியவைக்க முடியவில்லை. காரில் விளக்கு உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். போலீஸ் உண்டா? இல்லை. காலில் விழுவார்களா? விழ மாட்டார்கள், தெருவில் பனியை ஏன் அள்ளவில்லை என்று கடைக்குப் போகிற இடத்தில் பிடித்துத் திட்டுவார்கள் என்றேன். "அப்புறம் எதுக்குத்தா அந்த வேல" என்றார். ஆனால் நான் ஜெயித்த வாரம் வீடியோவில் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். அழகர்கோவிலுக்குப் பஸ் ஏறிப் போய் முடி இறக்கிவிட்டு வந்திருந்தார். எனக்கு ஓட்டுப் போட்ட வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் சேர்த்து அழகரிடம் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னார்.

அம்மா கடைசி இரண்டு வருடம் மதுரை கோச்சடையில் தம்பி வீட்டில் இருந்தார். தம்பி மின்வாரியத்தில் வேலை பார்க்கிறான். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டதால் எல்லாம் படுக்கையில்தான். பார்த்துக்கொண்டது தம்பி மனைவி. உயிர் போனதும் உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பா கிடக்கிற இடத்தில்தான் தன்னையும் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்.

மதுரை விமான நிலையத்தில் காலையில் இறங்கினேன். தம்பியின் கூட்டாளி ஒருவர் காரோடு நின்றார். ரிங் ரோடு ஏறியதும் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். நான் அங்கே எம்.எல்.ஏ.வா மந்திரியா என்று அவருக்கு ஒரு சந்தேகம். எம்.எல்.ஏ. மாதிரி என்றேன். அப்படியானால் விசா விஷயமெல்லாம் நம்ம கையில்தானே என்றார். அவருடைய மச்சினன் ஒருவன் இன்ஜினியரிங் முடித்துவிட்டுச் சும்மா இருக்கிறானாம். தாய் செத்து வருகிறவளிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லுங்கள் என்று பழக்கத்தில் சொல்லிவிட்டேன்.

ஊருக்குத் திரும்புகிற முக்கில் பெரிய பிளக்ஸ் கட்டியிருந்தார்கள். கண்ணீர் அஞ்சலி. ரேஷன் கார்டில் இருந்த அம்மாவின் படத்தைப் பெரிதாக்கியதால் முகம் கலங்கிப் போயிருந்தது. அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக என் படம். தேர்தலுக்கு எடுத்தது, அத்தனை பல்லும் தெரிய நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அமெரிக்கக் கொடி. அமெரிக்க அமைச்சரின் தாயார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தாய் செத்ததில் எனக்குத்தான் ஊரிலேயே அதிக சந்தோஷம் என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். யாரும் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை, அதன் கீழேயே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

தெரு முனையில் தம்பி நின்றான். தூங்காத கண். என் பெட்டியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போவதற்கு முன்பே என்னைப் பக்கத்துச் சந்துக்குள் தள்ளிக்கொண்டு போனான். நேற்றே எடுத்துவிட வேண்டும் என்று ஊரில் ஆளுக்கு ஒரு பேச்சுப் பேசியிருக்கிறார்கள். உடலை ரெண்டு நாள் போட்டு வைப்பது எங்கள் தெருவில் வழக்கமில்லை. எங்களுக்குப் பெரியப்பா முறையாகும் ஒரு பெரியவர், தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறவர், நேராகவே கேட்டிருக்கிறார். உன் அக்கா வருவாளா, வந்தாலும் அழுவாளா என்று. தம்பிக்கும் அவர்களுக்கும் வாக்குவாதம் முற்றிக் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறது.

"மக வந்து அழுகாம எங்கம்மாவத் தூக்க விடமாட்டேன்னு சொல்லிட்டேன்கா" என்றான். "உன் மக போன்லதான் மக, செத்தா எட்டிக்கூடப் பாக்க மாட்டான்னு இம்புட்டு வருசமா எல்லாரும் அம்மாவக் குத்திக்கிட்டே இருந்தாக. அம்மா ஒரே பதில்தான் சொல்லும். வருவா, வந்து என் மேல விழுந்து அழுவான்னு. ஐஸ் பெட்டியில வச்சு உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம். வந்துட்டேல்ல, அழுதிரு. அப்புறம் எடுத்துருவோம்."

சரிடா என்றேன். கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால் சொல்கிற மாதிரியான சரி.

பந்தலுக்கு வெளியே பெண்கள் எனக்காகத் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து மகள் வந்தால் இப்படித்தான். எதிரே வந்து கட்டிக்கொண்டு அழுது, அழுதபடியே உள்ளே கூட்டிப்போவார்கள். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, முதலில் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டார். இப்பத்தான் வந்தியா, உங்காத்தா எந்திரிச்சு வரமாட்டாளே என்று ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொருவராக என் மேல் சாய்ந்தார்கள். நான் அவர்கள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். ஆறுதல் சொல்ல வேண்டியவர்களுக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டு உள்ளே போனேன்.

அம்மா கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தார். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சேர்த்து ஒரு வெள்ளைத் துணிக் கட்டு. பெட்டியின் மோட்டார் விட்டு விட்டு ஓடியது. கண்ணாடி மேல் வேர்க்க வேர்க்க ஒரு பெண் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் ஓரத்தில் குளிர்பதனப் பெட்டி வாடகைக்கு என்று எழுதி ஒரு போன் நம்பர் இருந்தது. அதை நான் இரண்டு தடவை வாசித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். சின்னதாகப் போயிருந்தது. இது அம்மா, இறந்துவிட்டார், நான் மகள், வந்திருக்கிறேன். ஒவ்வொன்றும் தெரிந்தது. ஒன்றோடு ஒன்று சேரவில்லை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அழுகையை நிறுத்திவிட்டுக்கூடப் பார்த்தார்கள். யாரோ, அதிர்ச்சியில இருக்கா, கொஞ்சம் தண்ணி குடு என்றார்கள். தண்ணீரைக் கொண்டுவந்து கொடுத்தது தம்பி மனைவி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்தவர்களுக்கு டீ, பெரியவர்களுக்கு நாற்காலி, கொட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு என்று ஓடிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணிலும் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை தலைக்கு மேல் இருக்கிற மருமகள், அவளுக்கு அழ ஏது நேரம். மகளின் கணக்கு வேறு.

அந்தக் கண்களுக்கு நடுவில் உட்கார முடியாமல்தான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் தம்பியும் பங்காளிகளும் வரிசையாக நின்றார்கள். வருகிற ஆண்கள் அவர்கள் நீட்டிய கையைத் தொட்டுவிட்டு, பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். இந்த வரிசையைப் பார்த்ததும் எனக்கு எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. எந்த நாட்டிலும் அரசியல்வாதிக்குப் பாதி வேலை துக்கம் விசாரிப்பதுதான். என் தொகுதியில் நான் போகாத சாவு கிடையாது. அங்கேயும் குடும்பத்தார் இப்படித்தான் வரிசையாக நிற்பார்கள். வருகிறவர்களின் கையைப் பிடித்து, வந்ததற்கு நன்றி என்று ஒவ்வொருவரிடமும் சொல்வார்கள். எனக்கு மனப்பாடமான வேலை. போய்த் தம்பி பக்கத்தில் நின்றுகொண்டேன்.

அடுத்து வந்தவரின் கையை இரண்டு கையாலும் பிடித்தேன். கண்ணைப் பார்த்து, வாங்க, வந்ததுக்கு ரொம்ப நன்றி என்றேன். அவர் கையை உருவிக்கொள்ளத் தெரியாமல் நின்றார். அதற்கடுத்தவரிடமும் சொன்னேன். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான், அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. பெண்கள் அந்த வரிசையில் நிற்பதில்லை என்பதும், சாவு வீட்டில் யாரும் யாரையும் வாங்க என்று கூப்பிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியாதா? அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவள்தானே. அந்த நேரத்தில் தலைக்குள் இருந்தது வேறு ஆள். ஒரு வயசாளி எழுந்து, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வழக்கப்படி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நான் எட்டிப் போய் அவர் தோளைத் தொட்டு, "பாத்துப் போய்ட்டு வாங்கய்யா" என்றேன்.

நாற்காலிகளில் பேச்சு நின்றுவிட்டது. சாவு வீட்டிலிருந்து போகிறவர் போய்ட்டு வாரேன் என்று சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் போய்ட்டு வாங்க என்று சொல்லவே கூடாது. இன்னொரு சாவுக்கு வரச் சொல்வது அது. அந்த வயசாளி ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். பெரியப்பா நாற்காலியை விட்டு எழாமலே தம்பியைப் பார்த்துச் சொன்னார்.

"உங்கக்காள உள்ள போகச் சொல்லுப்பா. ஓட்டுக் கேக்க வந்த மாதிரி நிக்குது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி என் முழங்கையைப் பிடித்து வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப்போனான். தண்ணீர் மோட்டார் பக்கத்தில் நிறுத்திக் கையை விட்டான்.

"ஒன்னே ஒன்னுதானக்கா கேட்டேன்" என்றான்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். மீசையில் எனக்குத் தெரியாமல் எப்போது இவ்வளவு நரை வந்தது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது எனக்கு. அந்த இரண்டு நாளில் நான் உணர்ந்த முதல் விஷயம் அந்த வெட்கம்தான். அதையாவது பிடித்துக்கொண்டு அழுதுவிடலாம் என்று முயன்றேன். அம்மா சோற்றுப் பானையைச் சுரண்டி எங்களுக்குப் போட்டதை நினைத்தேன். வெயிலில் குனிந்த முதுகை நினைத்தேன். சினிமாவில் வருகிற அம்மாக்களைப் போல எல்லாம் வரிசையாக வந்து போயின. கண் காய்ந்துதான் கிடந்தது.

வரலடா என்றேன். அவன் துண்டை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"அப்ப அம்மா எல்லார்ட்டயும் சொன்னது பொய்யாயிரும்ல" என்றான்.

உள்ளிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டுவதற்கான தண்ணீரை நீர்மாலையாக எடுத்து வந்தார்கள். அம்மாவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பலகையில் வைத்துப் பெண்கள் குளிப்பாட்டினோம். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பெட்டியின் குளிர் உடலில் இன்னும் இருந்தது, தண்ணீர் பட்ட இடத்தில் என் விரல்கள் மரத்துப் போயின. அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை வந்தது. உடுத்தி, பூ வைத்து, வாசலில் பாடைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொருவராக வாய்க்கரிசி போட்டார்கள். நானும் போட்டேன். கொஞ்சம் அரிசி கன்னத்தில் சிந்தியது, அதை எடுத்து விட்டேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தேன், பரீட்சை மேற்பார்வைக்கு வந்த டீச்சரைப் போல.

பெரியப்பா கையைத் தூக்கினார். கொட்டு நின்றது.

"மக இருக்கா. மக அழுத பெறகு தூக்கலாம்" என்றார்.

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இப்போது நினைக்கிறேன். என் தம்பி போட்ட சண்டைக்கு மரியாதை கொடுத்துத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அது தீர்ப்பு வாசிப்பது மாதிரி இருந்தது. கூட்டம் விலகியது. நான் அம்மாவின் தலைமாட்டில் மண்டி போட்டு உட்கார்ந்தேன். தெருவே நின்று பார்த்தது. மாடியிலிருந்தும் பார்த்தார்கள். தம்பி காலடியில் நின்று, என்னைப் பார்க்க முடியாமல் அம்மாவின் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் ஆயிரம் பேருக்கு முன்னால் பேசியிருக்கிறேன். என் ஒரு ஓட்டுக்காகச் சபையே காத்திருந்த நாளும் உண்டு. இப்படி ஒரு அமைதிக்கு நடுவில் நான் இருந்ததே இல்லை. வாயைத் திறந்து அம்மா என்றேன். வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில் வந்தது. எங்கேயோ ஒரு பெண் உச்சுக்கொட்டுவது கேட்டது.

அப்போதுதான் தம்பி மனைவி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கை ஈரம்கூடத் துடைக்கவில்லை. வந்த வேகத்தில் என் மேல் விழுந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கு முதலில் மனுஷச் சத்தமாகவே படவில்லை. அத்தை, அத்தை என்று கதறினாள். கஞ்சி ஆறிப்போச்சே அத்தை, திருப்பிப் படுக்க வைக்கணும்னு கூப்பிடலையே அத்தை, இனி விடிஞ்சா நான் யாரக் கேட்டு எந்திரிப்பேன் என்று என் காதுக்குள் அழுதாள். அவள் கண்ணீர் என் கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது. அவள் உடம்பு குலுங்கியதில் என் உடம்பும் குலுங்கியது. அவள் என் முகத்தைத் தன் தோளில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள், மூச்சு முட்டுகிற அளவுக்கு. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கதறுவதுதான் தெரிந்திருக்கும்.

சுற்றி நின்ற பெண்களும் எங்களோடு சேர்ந்து ஓலமிட்டார்கள். சின்னம்மா, அழுகட்டும் விடுங்க, அடக்கி அடக்கி வச்சிருந்திருக்கா என்றார். என்னைத்தான் சொன்னார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியவில்லை. பெரியப்பாவின் குரல் கேட்டது. "சரி, தூக்குங்கப்பா."

அம்மாவைத் தூக்கிவிட்டார்கள். கொட்டு மறுபடி ஆரம்பித்தது. பெண்கள் தெரு முனை வரைக்கும்தான் போகலாம். அங்கே நின்று பார்த்தோம். வயல் வரப்பில் வெள்ளை வேட்டிகள் வளைந்து போய் மறைந்தன. என் முகம் ஈரமாக இருந்தது. வேறொருத்தியின் கண்ணீர் என் முகத்தில் காய்ந்து தோல் இறுக்குகிற வரைக்கும் நான் துடைக்கவில்லை. துடைத்தால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று இருந்தது.

மயானத்திலிருந்து தம்பி மொட்டைத் தலையோடு திரும்பினான். குளித்துவிட்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். அவன் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கிப் போயிருந்தது. "அழுதுட்டேக்கா. அது போதும்" என்றான். ஆமாடா என்றேன். மேடையில்கூட நான் அவ்வளவு சுலபமாக ஒரு பொய்யைச் சொன்னதில்லை. பந்தலில் இரண்டு பேர், மக என்னமா அழுதா பாத்தியா என்று பேசிக்கொண்டு போனதும் காதில் விழுந்தது.

மறுநாள் காலை பால் ஊற்றிவிட்டு வந்தார்கள். கருமாதி வரைக்கும் என்னால் இருக்க முடியாது. சபை நடந்துகொண்டிருந்தது, பேருந்து மசோதா அடுத்த வாரம் ஓட்டெடுப்புக்கு வருகிறது. தம்பி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. வர வேண்டிய நேரத்துக்கு வந்துவிட்டாய் என்றான். தம்பி, அவன் மனைவி, நான் மூன்று பேரும் கோச்சடை வீட்டுக்கு வந்தோம். அங்கிருந்து சாயங்காலம் விமான நிலையம் போவதாக ஏற்பாடு.

அம்மா படுத்திருந்த கட்டிலை ஏற்கெனவே எடுத்து மாடியில் போட்டுவிட்டார்கள். கட்டிலின் கால் இருந்த இடங்களில் தரையில் நான்கு தடங்கள் மட்டும் தெரிந்தன. தம்பி வெளியே கார்க்காரனிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான். நான் அடுப்படிக்குப் போனேன். தம்பி மனைவி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். இத்தனை வருடத்தில் நானும் அவளும் தனியாகப் பேசியது குறைவு. போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வேன், கொடுப்பாள், அவ்வளவுதான்.

நேத்து நீ வரலைன்னா என் பாடு என்ன ஆகியிருக்கும் என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்து உனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்டேன். பாவமாகத்தான் இருந்திருக்கும், அதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போவோம் என்பது என் எண்ணம். நன்றி சொல்லாமல் எனக்கு ஒரு இடத்தை விட்டுக் கிளம்பத் தெரியாது.

அவள் குழாயை நிறுத்தினாள். திரும்பவில்லை.

"நானா வரல மதினி. அத்தைதான் சொல்லியிருந்தாக" என்றாள்.

என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"போன மாசம் கஞ்சி குடுக்குறப்ப சொன்னாக. அவ எப்படியும் வந்துருவா, ஆனா அவளுக்கு அழுக வராது, சின்னதுல அவ அப்பன் செத்தப்பவும் வரல, உள்ளுக்குள்ளயே வச்சுக்கிட்டுக் கிடந்தான்னாக. நான்தான் ஊரெல்லாம் மக வந்து அழுவா அழுவான்னு சொல்லி வச்சிட்டேன், எல்லாரும் அவ மூஞ்சியவே பாத்துக்கிட்டு நிப்பாக, எம்பிள்ளைய நிக்க வச்சுப் பாப்பாகன்னு அம்புட்டு வருத்தப்பட்டாக. தூக்குற நேரத்துல நீ போயி அவ கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதிரு, யாருக்கும் தெரியாது, உனக்கு வரும்லன்னு கேட்டாக."

நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"வரும்னு சொன்னேன்."

ஒரு டம்ளரை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள். அது கழுவிய டம்ளர்தான், மறுபடியும் கழுவினாள்.

"நீங்க வர்ற வரைக்கும் அழுகாம வச்சிருக்கிறதுதான் மதினி கஷ்டமாப் போச்சு" என்றாள்.